பால் குடித்த பேஸ் கிட்டார்

"ஐயையோ, நிறுத்தும்மா! அதுக்குள்ள கரண்டு சாமான் இருக்குது!"

தமயந்தி ஓடி வருவதற்குள் ஜெயம்மாள் இரண்டாவது செம்பையும் கவிழ்த்துவிட்டாள்.

ஆயுத பூஜை. பலகையின் மேல் அரிவாள்மனை, கத்தரிக்கோல், உளி, சுத்தியல். அரிவாள்மனைக்கு அடியில் தமயந்தியின் பி.ஏ. பட்டம், ஓரத்தில் ஒரு சொட்டுக் குங்குமத்தோடு. நடுவில், சுவரில் சாய்த்து, அவள் அண்ணன் ராஜவேலுவின் எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார். கம்பி வழியாகப் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாடி குதிக்கிற? சாமிக்குப் பால ஊத்தாம பினாயிலா ஊத்துவாங்க?"

"சாயங்காலம் கச்சேரிம்மா!"

"அதுக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு ஜெயம்மாள் கற்பூரத்தைக் கொளுத்தினாள்.

அது ஃபெண்டர், அமெரிக்கக் கம்பெனி. மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கியது. தமயந்தியின் பி.எட். படிப்புக்கென்று அப்பா சாகும் முன் செய்துவைத்த இரட்டைவடச் சங்கிலி அதில்தான் கரைந்தது. ஆம்பளைப் பிள்ளைக்கு ஒரு தொழில் வேண்டாமா? தெருவின் முதல் பட்டதாரி கழுத்தில் கறுப்புக் கயிற்றோடு நின்றாள்.

திருத்தணியில் ஆர்கெஸ்ட்ரா நடத்தும் நாகேந்திரன் இந்த விஷயத்தில் கறார். "நம்ம குழுவுல பேஸுன்னா ஃபெண்டருதான். என் வாத்தியார் அதத்தான் வாசிச்சாரு. வேற கம்பெனிய தூக்கிகினு வர்றவன் பஸ் ஸ்டாண்டுல போயி பிச்சை எடுக்கட்டும்" என்பார். நன்றாக வாசித்த நாலு பேரைக் கல்கத்தா கிட்டார் வைத்திருந்த குற்றத்துக்காகத் துரத்தியவர், ராஜவேலுவை மட்டும் ஒரு பாட்டுக்கூட வாசிக்கச் சொல்லாமல் சேர்த்துக்கொண்டார். கிட்டார் தலையில் இருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்தார், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

வீட்டில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ராஜவேலு குழுவில் நிலைத்தால் அவன் சம்பளத்தில் தமயந்தி வருகிற ஆண்டு பி.எட். சேரலாம். அவனைத் துரத்திவிட்டால் அவள் புத்தூரில் இருக்கும் மாமன் மகன் பாவாவுக்கு வாழ்க்கைப்பட வேண்டும். பாவாவுக்கு இரண்டு லாரி, இரண்டு பிள்ளைகள், செத்துப்போன ஒரு பெண்டாட்டி.

ஆகவே தன் சங்கிலியைத் தின்ற கிட்டாரைக் காப்பாற்ற வேண்டியவள் தமயந்தியேதான்.

ராஜவேலு குளித்துவிட்டு வந்து பார்த்தான். தரையில் உட்கார்ந்து அழுதான்.

"அழுவாத. ஈரம் போனா சரியாயிடும்" என்று தமயந்தி கிட்டாரைச் சாக்கில் கிடத்தி, மேலே அரிசியைக் கொட்டினாள். ஈரம் போகவில்லை. ஒயர் குத்தும் ஓட்டை வழியாக அரிசி உள்ளே போனது. குலுக்கிப் பார்த்தால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம்.

"இத கிட்டாரா வாசிக்கச் சொல்றியா, கொழந்தைக்கு ஆட்டச் சொல்றியா?" என்றான் ராஜவேலு.

சத்தம் வருகிறதா என்று பார்க்கப் பக்கத்து வீட்டு ரேடியோவை இரவல் வாங்கி ஒயரைச் செருகினார்கள். கிட்டாரிலிருந்து ஒன்றும் வரவில்லை. ரேடியோவிலிருந்து புகை வந்தது.

"எங்கூட்டுக்காரர் செய்தி கேக்கணுமே!" என்று பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று கத்தினாள்.

"செய்தி இதான், எடுத்துகினு போங்க" என்று தமயந்தி கருகிய ரேடியோவை அவள் கையில் கொடுத்தாள்.

பால் வாடை அடிக்க ஆரம்பித்தது. மண்ணெண்ணெயில் தேங்காய் நாரை நனைத்து அழுத்தித் தேய்த்தாள். வாடை போனது. தலையில் இருந்த ஃபெண்டர் என்ற பெயரும் போனது.

"செத்தேன்" என்றான் ராஜவேலு. "சத்தம் இல்லேன்னாகூட ஏதாவது சொல்லிக்கலாம். பேரு இல்லேன்னா அந்தாளு மேடையிலயே ஏத்த மாட்டான்."

ஜெயம்மாள் அடுப்பங்கரையிலிருந்து சுண்டலோடு வந்தாள். "ஒண்ணும் ஆவாதுன்றேன். ஆளுக்கு ஒரு கை துன்னுங்க."

லாரி செட்டிலிருந்து வெள்ளி பெயிண்ட் வந்தது. ஈர்க்குச்சியால் தமயந்தி, போன எழுத்துக்களை ஒவ்வொன்றாக, வளைவு மாறாமல் எழுதினாள். அவள் படிப்பு அந்த வீட்டுக்கு உபயோகப்பட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம், கார் ஸ்டாண்டு டிரைவர்கள் போட்ட மேடை. நாகேந்திரன் வழக்கம்போலப் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெயிண்ட் காயவில்லை. கச்சேரி முழுக்க அவர் இமைகள் வெள்ளியாக மின்னின. ஜனங்கள் அதை மேக்கப் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ராஜவேலு வேர்த்து ஒழுகினான். டிரம்ஸும் பாங்கோஸும் போட்ட சத்தத்தில் மேடையில் யாருக்கும் எதுவும் தனியாகக் கேட்காது. ஸ்பீக்கர்கள் எல்லாம் கூட்டத்தைப் பார்த்திருந்தன. செத்த கம்பிகளை அவன் நிரடினான். முன்வரிசையில் தமயந்தி, யாராவது எழுந்து நின்று கத்தப்போகிறான் என்று காத்திருந்தாள்.

யாரும் எழவில்லை.

கச்சேரி முடிந்ததும் ராஜவேலு மேடையிலிருந்து குதித்து வந்தான். "சத்தம் வந்துச்சு தமயந்தி! நானே கேட்டேன்! அம்மா ஊத்துன பாலு வீண் போவல!"

நாகேந்திரன் பின்னாலேயே வந்தார். "ஜெயம்மாக்கா, கேட்டீங்களா? வயித்துல ஒதச்ச மாதிரி இல்ல? அதான் ஃபெண்டர்! லீடு கிட்டாருக்கும் அதே கம்பெனியில ஒண்ணு வந்துட்டா உங்க புள்ளதான் குழுவுக்குப் பங்காளி."

புத்தூர் பாவாவும் அங்கே இருந்தார். "எனக்கு நெஞ்சே அதிர்ந்துபோச்சு அத்தே. நானும் அப்படித்தான், லேலண்ட தவிர வேற வண்டியத் தொட மாட்டேன். அந்த ரெண்டாவது கிட்டார நான் வாங்கித் தரேன். தையில முகூர்த்தம் வச்சிக்கலாம்."

"அண்ணன் நெலச்சா நான் படிக்கலாம்னுதானேம்மா பேச்சு?" என்றாள் தமயந்தி.

"பங்காளி ஆவணும்ல? அப்பத்தான்டி நெலைப்பான்" என்றாள் ஜெயம்மாள். பாவாவைப் பார்த்து, "ஆங், வச்சிக்கலாம்பா."

தமயந்திக்குக் காது அடைத்தது. "அது செத்த கிட்டாரு!" என்று கத்தினாள். "காலையிலேயே பால ஊத்திக் கொன்னாச்சு. ஒரு பொட்டுச் சத்தம் வரல. எல்லாரும் எதைக் கேட்டீங்க?"

நாகேந்திரன் வெள்ளி இமைகளைச் சிமிட்டிச் சிரித்தார். "இன்னா பாப்பா, பி.ஏ. படிச்சா காதும் பூடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ராஜவேலுவும் சிரித்தான். ஜெயம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

நிரூபித்தே தீருவது என்று தமயந்தி மேடையேறினாள். கிட்டார் ஒயரைப் பிடித்துக்கொண்டே அதன் மறுமுனையைத் தேடிப் பின்பக்கம் போனாள். ஆம்ப்ளிஃபயரில் குத்தி, எல்லார் முன்னாலும் மீட்டிக் காட்டினால் போதும். ஒயர் திரைக்கு அடியில் போனது, பலகை இடுக்கில் இறங்கியது, பந்தல் மூங்கிலில் முடிச்சுப் போட்டு முடிந்தது.

மைக் செட்டுப் பங்காரு பீடியோடு மற்ற ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"இத ஏன் எதுலயும் குத்தல?" என்றாள் தமயந்தி.

"அதுவா? ரெண்டு வருஷமா அத நான் குத்துனதே இல்லியே பாப்பா. 'எம்புள்ளைக்கு வாசிக்க வராதுப்பா, சத்தம் வெளிய வந்தா மானம் பூடும்'னு மொத கச்சேரிக்கே வந்து என் கையப் புடிச்சிகினு அழுதது உங்கம்மாதானே!"