செங் வட்டச்சாலையில் சம்பந்திகள் பொருத புதன்கிழமை

வாழ்க ஜாசின் நகர் ஈன்ற கணேசமூர்த்தி! வாழ்க அவரது நரைத்தும் வளையாத மீசை! செம்பனை மரங்கள் இருபுறமும் அணிவகுத்து நிற்கும் சாலைகளில், அறுபதைக் கடந்த பின்னும் சைக்கிள் மிதிக்கும் அந்த இரும்புக் கால்கள் வாழ்க! கல்யாண வீட்டில் முதல் வரிசைக்கும், பந்தியில் முதல் இலைக்கும், கோயிலில் முதல் திருநீற்றுக்கும் உரியவர் அவர். சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனால்கூட, மனைவி ராஜம்மா தள்ளுவண்டியோடு பின்னால் வர, கைவீசி முன்னால் நடப்பவர். அத்தகைய பெரியவரின் குடும்ப மானம் செங் தொழிற்பேட்டையின் வட்டச்சாலையில், ஒரு புதன்கிழமை மாலை, காற்றிலே தூக்கி நிறுத்தப்பட்ட வரலாறு இது. கேட்போர் முதுகை நிமிர்த்தி உட்காருக.

செங் தொழிற்பேட்டையில் பகல் ஷிப்டு முடிந்து, தொழிற்சாலை பஸ்கள் புகை கக்கிப் போன பிறகு, அகன்ற சாலை ஆளரவமற்றுக் கிடக்கும். அப்போது புறப்படும் புதன்கிழமைச் சைக்கிள் படை. உடலைக் கவ்விய சட்டையும், பின்புறம் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டையும், காளான் போன்ற தலைக்கவசமும் தரித்த வீரர்கள் வட்டச்சாலையைப் பத்து முறை சுற்றுவர். தே தாரேக் எனும் தேநீர் ஆற்றும் கடைக்கு எதிரே, தார்ச்சாலையின் குறுக்கே இழுக்கப்பட்ட வெள்ளைக்கோடே வெற்றிக்கோடு. ஜாசின்காரர்களுக்கு ஆரஞ்சுச் சட்டை. செலண்டார்க்காரர்களுக்குப் பச்சைச் சட்டை. உள்ளூரான செங்கின் சார்பில் டெஸ்மண்ட் என்ற ஒரே ஆள். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். வேலைச் சட்டையோடேயே வந்துவிடுவான். அவனை யாரும் எதிரியாகக் கருதியதில்லை.

இந்தக் களத்தில்தான் கணேசமூர்த்தியின் மகள் பவானேஸ்வரியும், செலண்டார் மாயாண்டியின் மகன் குகனும் ஒருவர் சக்கரத்தை ஒருவர் பார்த்து மனத்தைப் பறிகொடுத்தார்கள். ஜாதகம் பொருந்தியது. நகை பொருந்தியது. இரு வீட்டாரின் மட்டன் குழம்புகூடப் பொருந்தியது. ஊர் மட்டும் பொருந்தவில்லை. பெண் வீடு இருக்கும் ஜாசினில்தான் தாலி ஏற வேண்டும் என்றார் கணேசமூர்த்தி. எங்கள் வம்சத்தில் செலண்டாரைத் தாண்டி எவனும் தாலி கட்டியதில்லை என்றார் மாயாண்டி. மலைகள் இரண்டு முகம் திருப்பி நின்றதுபோல் இருவரும் நிற்க, நடுவே சிக்கிய இளையவர் இருவரும் முகூர்த்தம் முகூர்த்தமாகக் கல்யாணம் தள்ளிப்போவதைப் பார்த்துப் பெருமூச்செறிந்தனர்.

அந்தப் புதன்கிழமை, பந்தயத்துக்கு முன், கடை மேசையில் அறைந்து கணேசமூர்த்தி பிரகடனம் செய்தார்.

"எந்த ஊர்க்காரன் சக்கரம் மொதல்ல கோட்டத் தொடுதோ, அந்த ஊர்லதான் கல்யாணம். சொல்லிட்டேன். மாத்திப் பேசுறவன் மீசைய எடுத்துரணும்!"

மாயாண்டி ரொட்டி சானாயைக் கிழித்துக் குழம்பில் தோய்த்தபடியே முழங்கினார். "அதே சொல்லுதான் நம்ம சொல்லும். மண்டபத்துக்கு இப்பவே போன் போடட்டுமா சம்பந்தி, செலண்டார்ல?"

அறிக: சைக்கிள் போரில் முன்னால் செல்பவனே காற்றோடு மல்லுக்கட்டுகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒண்டி வருபவன் தாய்மடியில் கிடப்பவன்போல் சொகுசாக வந்து, வலுவைச் சேர்த்து வைத்து, கடைசி வளைவில் பாய்ந்துவிடுவான். ஆகவே அறிவுள்ள அணி முறை போட்டுக் காற்றை நெஞ்சில் வாங்கும். தன் சிறந்த அம்பைக் கடைசிவரை கூட்டுக்குள் வைத்திருக்கும். வெற்றிக்கோட்டைக் குடும்பத் தலைவரே தொட வேண்டும் என்பது கணேசமூர்த்தியின் கட்டளை. அதற்கேற்பப் பவானேஸ்வரி வியூகம் வகுத்திருந்தாள்.

"அப்பா, நீங்க என் பின்னாலயே வாங்க. காத்த நாங்க பார்த்துக்கிறோம். கடைசி வளைவுல நான் ஒதுங்குவேன், நீங்க பாஞ்சிடுங்க. அவ்ளோதான் லா!"

தலையசைத்தார் தந்தை. ஆனால் விசில் ஒலித்த கணத்தில், மாலைக்காற்று மீசையில் மோதிய கணத்தில், தலைமுறை தலைமுறையாய் முன்னால் நடந்த ரத்தம் அவருள் முரசறைந்தது. அணையுடைத்த ஆற்று வெள்ளம்போல் அவர் பாய்ந்தார். எல்லாருக்கும் முன்னால் போனார். அந்த முதலிடத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார். மகள் பக்கத்தில் மிதித்து வந்து மன்றாடினாள்.

"அப்பா! பின்னால வாங்கப்பா! காத்து முழுக்க நீங்களே வாங்குறீங்க!"

"பெத்த மகளோட முதுகுல ஒளிஞ்சி வந்து ஜெயிச்சான்னு நாளைக்கு எவனாச்சும் பேசணுமா? நம்ம வீட்டுல பெரியவங்க பின்னால வந்த பழக்கமே இல்ல. நீ போ பின்னால!"

இவ்வாறு முதல் சுற்றும் போயிற்று; மூன்றாம் சுற்றும் போயிற்று. டயர்க்கடையைக் கடந்து, கிடங்கு வாசலைக் கடந்து, காவல்கூண்டைக் கடந்து, தனி ஒருவராய்க் காற்றின் நெஞ்சைப் பிளந்து சென்றார் பெரியவர். அவருக்குப் பின்னால் ஆரஞ்சும் பச்சையுமாக நீண்ட படை, சுமை லாரிக்குப் பின்னால் வரும் சருகுபோல், மிதிக்காமலே மிதந்து வந்தது. பச்சைப் படையின் தலைவர் மாயாண்டி சம்பந்தியின் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தார். அவர் நிழலில் குகன், செலண்டாரின் கூரிய வேல், வியர்க்காமல் வந்தான். ஏழாம் சுற்றில் டெஸ்மண்டின் சங்கிலி கழன்றது. அவன் ஓரமாக நின்று, கையில் கிரீஸ் அப்பிக்கொண்டு, அதை மாட்டத் தொடங்கினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரு பெருங்குடிகள் பொரும் இடத்தில் செங் ஊர்க்காரனை யார் பார்ப்பார்?

பத்தாம் சுற்று. கணேசமூர்த்தியின் தொடைகள் கொதிக்கும் உலைபோல் ஆயின. மூச்சு பழைய லாரியின் பிரேக்போல் சீறியது. ஆயினும் முன்னால் இருந்தார். அதுவே அவருக்கு அமுதம். அப்போதுதான் பின்னாலிருந்து மாயாண்டியின் குரல், ஊருக்கே கேட்கும்படி எழுந்தது.

"பாருங்கடா பிள்ளைங்களா! பொண்ணு வீட்டுக்காரரு முன்னால போயி எவ்ளோ அழகா வழி விடுறாரு! மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க நாம மரியாதையா பின்னாலயே போவோம். நம்மள அழைச்சிக்கிட்டுப் போறாரு சம்பந்தி!"

இடி விழுந்தது. அத்தனை சுற்றும் அவர் அரியணை என்று எண்ணி அமர்ந்த இடம், ஒரே சொல்லில் தீவட்டி பிடிப்பவன் இடமாக மாறிப்போயிற்று. முன்னால் போவது பெருமை என்றே பிறந்து வளர்ந்த பெரியவருக்கு, மாப்பிள்ளை அழைப்பில் முன்னால் போவோர் மேளக்காரரும் விளக்குத் தூக்குவோரும் என்பது அந்தக் கணத்தில்தான் நினைவுக்கு வந்தது. அவர் மிதிப்பதை நிறுத்தினார். தலையைத் திருப்பினார்.

"சம்பந்தி, நீங்க வாங்க முன்னால."

"ஐயோ, வேணாம் சம்பந்தி. நீங்க போங்க."

"விருந்தாளி நீங்க. நீங்கதான் மொதல்ல."

"பெரியவரு நீங்க. உங்களத் தாண்டிப் போனா எங்க குடும்பத்துக்கு என்ன மரியாதை?"

வெற்றிக்கோடு கூப்பிடு தூரத்தில் கிடக்க, இரு சேனாதிபதிகளும் அடிமேல் அடி குறைத்தனர். ஓட்டம் நடையாயிற்று, நடை தள்ளாட்டமாயிற்று. கைப்பிடிகள் பாம்புபோல் நெளிந்தன. ஒற்றைக் காலில் தவம் செய்யும் முனிவர்போல் இருவரும் நகராமல், விழாமல், ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டு நின்றனர். பின்னால் வந்த படையும் நின்றது. ஏனெனில் அப்படையில் கணேசமூர்த்தியை மாமா என்றோ சித்தப்பா என்றோ அழைக்காதவன் இல்லை. மாயாண்டியை அண்ணன் என்றோ பெரியப்பா என்றோ வணங்காதவனும் இல்லை. பெரியவர்கள் இருவர் பேசிக்கொண்டிருக்கையில் குறுக்கே போவதற்கு எவன் வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

"குகன், போ லா!" என்று பல்லைக் கடித்தாள் பவானேஸ்வரி. "ரெண்டு மிதி மிதிச்சா முடிஞ்சிது!"

"எங்கப்பாவும் நிக்கிறாரு, மாமாவும் நிக்கிறாரு. நான் எப்படிப் போறது? நீ போயேன்!"

"கல்யாணத்துக்கு முன்னாடியே மாமனாரத் தாண்டிட்டுப் போனவளேன்னு காலம் பூரா எல்லாரும் என்னச் சொல்லிக் காட்டவா?"

காவல்கூண்டு நாயொன்று மெல்ல எழுந்து, அந்த மாபெரும் அணிவகுப்பை முந்திச் சென்று, கோட்டைத் தாண்டி, திரும்பிப் பார்த்தது. நாய்க்கு உறவுமுறை இல்லை.

டெஸ்மண்டுக்கும் இல்லை. சங்கிலியை மாட்டி, கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்து, அரைச் சுற்றுப் பின்னாலிருந்து தனியாய்க் காற்றில் மிதித்து வந்த அந்த ஃபோர்க்லிஃப்ட் வீரன், சாலையை அடைத்து நின்ற சுற்றத்தைக் கண்டு மணியடித்தான்.

"அங்கிள், ரைட்ல வர்றேன்! சாரி, சாரி!"

பெரியவர்கள் இருவரும் பண்பு மாறாமல் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டனர். டெஸ்மண்ட் கடந்தான். கோடும் கடந்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தே தாரேக் ஒன்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் தன்னை எல்லாரும் ஏன் இப்படி வெறிக்கிறார்கள் என்று பார்த்தான்.

கோட்டருகே தண்ணீர்ப் போத்தலோடு நாற்காலியில் அமர்ந்திருந்த ராஜம்மா மட்டும் வாய் திறந்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து செங்கை ஜெயிக்க வச்சிட்டீங்க. நல்லா இருக்கு."

"நான் என்ன பண்ணுனேன் ஆன்ட்டி?" என்றான் டெஸ்மண்ட். "பசிக்குதுன்னு வேகமா வந்தேன்."

மாயாண்டி தொண்டையைச் செருமினார். "இது கணக்குல வராது சம்பந்தி. பையன் நம்ம ரெண்டு ஊரும் இல்ல. அடுத்த புதன் மறுபடியும் வச்சிக்கலாம்."

குகன் தலை குனிந்தான். பவானேஸ்வரி தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள், எறியவில்லை, வைத்தாள். இன்னொரு புதன், இன்னொரு முகூர்த்தம் என்று அவள் கண்ணில் எழுதியிருந்ததைக் கணேசமூர்த்தி கண்டார். அந்த நெடிய மாலையில் முன்னால் இருந்தபடியால் அவர் காணத் தவறியது அந்த ஒரு முகத்தைத்தான். அவர் கை மீசைக்குப் போயிற்று. மேசையில் அறைந்து சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. ஊர்ப் பெயர் எதையும் அச்சொல்லில் அவர் குறிக்கவில்லை.

கால்களை ஊன்றி, முதுகை நிமிர்த்தி, காற்றில்லாத அந்தக் கடைவாசலில் அவர் இறுதிப் பிரகடனம் செய்தார்.

"எந்த ஊர்க்காரன் மொதல்ல தொடுறானோ அந்த ஊர்லன்னு சொன்னேன். செங்காரன் தொட்டுட்டான். கல்யாணம் செங்லதான். மாத்திப் பேசுறவன் மீசைய எடுக்கணும், சம்பந்தி. உங்களுக்கும் மீசை இருக்கு."

மாயாண்டி தம் மீசையைத் தடவிப் பார்த்தார். அது நல்ல மீசை. மெல்லத் தலையசைத்தார். ஆரஞ்சும் பச்சையும் ஒன்றாய் ஆரவாரித்தன. தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள் அதிர்ந்தன. காவல்கூண்டு நாய் வாலாட்டியது. மாப்பிள்ளையும் பெண்ணும் கை குலுக்கிக்கொண்டனர், வேறொன்றும் செய்யத் துணியாமல். இரு பெருங்குடிகளின் மானமும் மூன்றாம் ஊரின் தார்ச்சாலையில் சிறு கீறலும் இல்லாமல் காக்கப்பட்டது. டெஸ்மண்டின் தே தாரேக்கை யார் வாங்கித் தருவது என்பதில் மட்டும் சம்பந்திகளிடையே மீண்டும் ஓர் உபசாரப் போர் மூண்டு, தேநீர் ஆறும்வரை நீடித்தது.

கல்யாணத்துக்குப் பிடித்த மண்டபம் டயர்க்கடைக்குப் பின்னால் இருந்தது; பார்க்கிங் தாராளம்.