கருங்கொண்டை வீட்டில் சோதனை

பெரியவளை வாஷிங் மெஷினுக்குள் இறக்கி மூடியைச் சாத்தும்போது வாசல் மணி இரண்டாவது முறை அடித்தது.

"சுவிட்ச் அணைச்சிருக்கா?" என்றார் கணவர்.

"பிளக்கையே பிடுங்கிட்டேன். நடுவுள்ளவ எங்க?"

"பீரோவுல, போர்வை அடுக்குக்கு மேல."

"சின்னவ?"

அவர் தோளில் தொங்கிய சாப்பாட்டுப் பையைக் கண்ணால் காட்டினார். பை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மூவரும் அவர்கள் பெற்ற பெண்கள் அல்ல. கோழிகள். அதுவும் சாதாரணக் கோழிகள் அல்ல, கருங்கொண்டை இனம். அலகு முதல் நகம் வரை அட்டக்கரி நிறம். தலையில், யாரோ கம்பளி நூல்கண்டைப் போட்டுவிட்டு எடுக்க மறந்ததுபோல் ஒரு கொண்டை. கால் விரல் வரை இறகு; பார்த்தால் காலுறை மாட்டிய மாதிரி இருக்கும்.

அவள் நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட். அண்ணன் தம்பி இருவர் பாகப்பிரிவினை வழக்கில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அடித்துக்கொண்டதோடு இந்தக் கோழிக் கூட்டத்துக்கும் சேர்த்து அடித்துக்கொண்டார்கள். வாய்தா மேல் வாய்தா போய்த் தீர்ப்பு வந்தபோது வக்கீல்கள் கொழுத்திருந்தார்கள், கோழிகள் தீர்ந்திருந்தன. தோற்றுப்போன தம்பி மிச்சமிருந்த முட்டைகளை அவள் மேஜையில் வைத்து, "ஆம்லெட் போட்டுக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அவளுக்கு மனசு வரவில்லை. பிஸ்கெட் டப்பாவில் பஞ்சு பரப்பி, மேஜை விளக்கின் சூட்டில் வைத்துப் பொரிக்கவைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் கணவருக்கு இருந்த இடம் கோழிகளுக்கு அடுத்துதான்.

இந்த நேரத்தில்தான் குடியிருப்புகளில் கோழி வளர்க்கக் கூடாது என்று நகரசபை உத்தரவு போட்டது. தெருவில் எல்லோரும் பயந்து தங்கள் கோழிகளை ஒப்படைத்துவிட்டார்கள். இவள் அந்த நோட்டீஸை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜையின் காலுக்கு முட்டுக்கொடுத்தாள்.

கதவைத் திறந்தாள். சுகாதார அலுவலக மேற்பார்வையாளர் நின்றிருந்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை, படிய வாரிய தலை. உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவருடைய டிரைவர் வாசலில் ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டார்.

"இங்க கோழி இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னாங்க?"

"காத்துவாக்குல வந்தது. கருங்கொண்டைன்னாங்க. நிஜமாவே கருங்கொண்டைதானா?"

"சுத்தமான..." என்று ஆரம்பித்த கணவரின் காலை அவள் மிதித்தாள்.

"இருந்தது. எல்லாம் செத்துப்போச்சு" என்றாள்.

அதிகாரியின் முகம் தொங்கிப்போனது. "எல்லாமேவா?"

வாஷிங் மெஷின் "கொக்" என்றது.

"ஒண்ணு இருக்கு" என்றாள் அவள், கண் இமைக்காமல். "கிழம். இன்னிக்கோ நாளைக்கோ."

கணவரின் தோள் பையிலிருந்து ஒரு கம்பளிக்கொண்டை எட்டிப் பார்த்தது.

"ரெண்டு" என்றாள்.

பீரோவுக்குள் ஏதோ சரிந்து விழுந்தது. போர்வையாக இருக்கும். அதன்மேல் உட்கார்ந்திருந்தவள் வாய்விட்டுத் திட்டினாள்.

"சரி, மூணு. இப்ப என்ன?"

அதிகாரி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "வயசு என்ன இருக்கும்?"

"ஆறு முடிஞ்சுது."

"முட்டை?"

"இதுவரைக்கும் கண்ணால பார்த்ததில்லை."

"உடம்பு எப்படி?"

"தொத்துவியாதி. பக்கத்துல போனாலே ஒட்டிக்கும்."

"சேவல்?"

"போன மழையில போய்ச் சேர்ந்துட்டான்."

சொன்னதில் இது ஒன்றுதான் உண்மை. அதனாலோ என்னவோ, அந்த இடத்தில் மட்டும் அவள் குரல் கம்மியது. எதிரியின் முன்னால் குரல் கம்மியதில் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

அதிகாரி கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு எழுந்தார். "வியாதின்னா சும்மா விடக்கூடாது. நாளைக்கே எங்க கால்நடை டாக்டரை அனுப்பறேன்."

ஜீப் போனதும் கணவர் தலையில் கைவைத்தார். "வியாதின்னு எதுக்குச் சொன்னே?"

"கேட்டதும் ஓடிடுவான்னு பார்த்தேன். அவன் டாக்டரை இல்ல அனுப்பறான்."

டாக்டர் வந்தால் வேஷம் கலைந்துவிடும். ஆகவே மறுநாள் காலை கோழிகளைக் கணவர் தான் வேலை பார்க்கும் செருப்புக்கடைக்குக் கொண்டுபோனார். பூட்ஸ் பெட்டிகளில் ஓட்டை போட்டு, ஆளுக்கு ஒரு பெட்டியாகக் கிடங்கில் வைத்தார். யோசனை அவளுடையது. பழியெல்லாம் அவருக்கு.

மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டார், பெட்டிகளோடு.

"சின்னவ பெட்டியை விட்டு இறங்கிப் பக்கத்துல இருந்த பூட்ஸுல முட்டை போட்டிருக்கா" என்றார். "எனக்குத் தெரியாது. பூட்ஸ் வாங்க வந்தவர்கிட்ட எடுத்துக் கொடுத்தேன். அந்த ஆள் காலை விட்டுட்டார்."

"முதலாளி என்ன சொன்னார்?"

"இனிமே கோழி வந்தா நீ வராதேன்னார்."

அவள் பதில் சொல்வதற்குள், "உள்ளே கொண்டுபோங்க, பார்த்துடலாம்" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. கால்நடை டாக்டர் அவர் பின்னாலேயே வந்திருந்தார். பூட்ஸ் பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிய கோழிகளை அவர் அலகைப் பிரித்துப் பார்த்தார், சிறகை விரித்துப் பார்த்தார், தூக்கி எடை பார்த்தார்.

"அம்மா, இதுங்களுக்கு ஒரு வியாதியும் இல்லை. ரெண்டு வயசுகூட ஆகலை. உங்களுக்குத்தான் ரத்தக்கொதிப்பு இருக்கும்போல. நான் பார்த்ததை அப்படியே சார்கிட்ட சொல்லிடறேன்."

அரசு ஊழியரிடம் பொய், உண்மையை மறைத்தல், உத்தரவை மீறுதல். பிறருக்காக எத்தனையோ முறை அவள் தட்டச்சு செய்த வார்த்தைகள் இப்போது அவளையே சுற்றிச் சுற்றி வந்தன. அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் இறங்கிப்போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. பயந்து கொடுத்தவர்களின் கோழிகள் எங்கே போயின என்று யாருக்காவது தெரியுமா? கொடுத்தபின் அந்தத் தெருவில் யாராவது நிம்மதியாகத் தூங்கினார்களா? வரட்டும் பார்க்கலாம் என்று கூண்டைக் கழுவித் துடைத்தாள்.

விடுமுறை நாள் காலையில் ஜீப் வந்தது. டிரைவர் பின்பக்கத்திலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியை இறக்கினார். பக்கமெல்லாம் ஓட்டை, மேலே கயிற்றுக்கட்டு. அதிகாரி இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், கையில் ஒரு தானியப் பொட்டலத்தோடு வந்தார்.

"பிடிக்கறதுக்கு இரையோட வந்திருக்கார்" என்றார் கணவர். "கொடுத்துடலாம்மா. உன் வேலைக்கே உலை வெச்சிடுவாங்க."

"நீங்க உள்ள போங்க."

அவர் உள்ளே போனார். பெரியவளைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படி நின்று அவள் பார்த்ததில்லை. அவளுக்கு யானை பலம் வந்துவிட்டது. வாசல் கேட்டில் குறுக்கே கை வைத்துக்கொண்டாள்.

"சார், அன்னிக்கு நான் சொன்னது அத்தனையும் பொய். இப்ப நிஜத்தைச் சொல்றேன், கேட்டுக்கங்க. கிழமும் இல்லை, வியாதியும் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை போடுதுங்க. அப்பன் வழியிலயும் ஆத்தா வழியிலயும் கலப்பே கிடையாது. நீங்க எங்க தேடினாலும் இந்த லட்சணத்துல இன்னொண்ணு கிடைக்காது. இதுங்களை ஜீப்புல ஏத்தணும்னா முதல்ல என்னை ஏத்துங்க. அப்புறம் இவரை."

"என்னையுமா?" என்றார் கணவர். ஆனால் நகரவில்லை.

அதிகாரி ஓரடி முன்னால் வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "அம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"எதுக்கு மெதுவா? தெருவே கேக்கட்டும்."

"தெரு கேட்டா என் வேலை போயிடும்மா" என்றார் அவர், அழாத குறையாக.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கை மட்டும் கேட்டைவிட்டு அசையவில்லை. இத்தனை நேரம் பெட்டியைச் சுமந்து நின்ற டிரைவர் அதை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு அலுப்போடு சொன்னார்:

"அம்மா, சார் கோழி பிடிக்க வரலை, பொண்ணு பார்க்க வந்திருக்கார், சார் ஒளிச்சு வளர்த்த மாப்பிள்ளை பெட்டிக்குள்ள புழுங்கிக்கிட்டு இருக்கார், கொஞ்சம் வழி விடுங்க."