கெட்டிமேளத்துக்கு நடுவே ஒரு போன்

பழைய போன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லைங்க, நல்லாத்தான் ஓடுது." நானும் சொன்னேன். என் கல்யாண மேடையில், கையில் தாலியோடு உட்கார்ந்திருந்த நிமிஷம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் போனை வாங்கும்போது இரண்டாக வாங்கினேன். ஒன்று எனக்கு. இன்னொன்று உப்பிலியபுரத்தில் இருக்கும் தங்கப்பொண்ணு அத்தைக்கு. அத்தை என் அப்பாவுக்கு மூத்தவர். இரண்டு போனும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நிறம். வளர்ந்த விதம்தான் வேறு. அத்தை அதன்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. பேசி முடித்ததும் முந்தானையால் துடைத்து, துண்டில் சுற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். வருஷங்கள் போயும் அது புதுசாகவே இருந்தது. "இந்த மாதிரி போனு உலகத்துலயே கெடையாதுடா குமரா" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

என்னுடையது கே.கே. நகர் வீட்டு மாடிப்படியில் உருண்டது. ஒருமுறை ரசத்தில் விழுந்தது. (ரசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் சாப்பிட்டோம்.) அதற்குப் பிறகு திரையின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் செத்துவிட்டன. நடுவில் மட்டும் உயிர் இருந்தது. போனை எடுக்கும் பச்சைப் பொத்தானும், வைக்கும் சிவப்புப் பொத்தானும் செத்த பகுதியில் இருந்தன. காதில் வைத்தால் எதுவும் கேட்காது. ஹெட்போன் மாட்டித்தான் பேச வேண்டும். எனவே ஹெட்போன் மாட்டியிருந்தால் போன் தன்னைத்தானே எடுத்துக்கொள்ளும்படி செய்து வைத்திருந்தேன். ஸ்பீக்கர் தேய்ந்துபோனதால் எந்த ரிங்டோனும் காதில் விழாது, போலீஸ் சைரனைத் தவிர. அதனால் சைரனையே வைத்திருந்தேன். பேட்டரியோ, பாதி சார்ஜ் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே அணைந்துவிடும்.

இவ்வளவையும் நான் குறையாகவே நினைக்கவில்லை என்பதுதான் இப்போது நினைத்தாலும் திகைப்பாக இருக்கிறது. புதுப் போன் வாங்கச் சொன்னவர்களிடமெல்லாம், "பொருளை மதிக்கத் தெரியணும்" என்று உபதேசம் வேறு செய்தேன்.

எனக்குப் பெண் பார்த்தது ஸ்ரீரங்கத்தில். பெண் பெயர் கோதை. அவள் அப்பா சாது. ஆனால் அந்த வீட்டில் அவளுடைய பெரியப்பா வைத்ததுதான் சட்டம். சகுனம், நல்ல நேரம் என்றால் மனிதர் இம்மிகூட விட்டுக்கொடுக்க மாட்டார். நிச்சயதார்த்தத்தன்று யாரோ தும்மிவிட்டார்கள் என்பதற்காக, லக்னப் பத்திரிகை வாசிப்பதை நிறுத்தி, தண்ணீர் குடிக்கவைத்து, முதலிலிருந்து வாசிக்கச் சொன்னவர். தும்மியது நான்தான். அப்போதே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அத்தைக்கு. தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, புடவை எல்லாம் வைத்து, வீடு தேடிப் போய் அழைக்க வேண்டும். நான் தேதி முடிவானதும் போன் செய்து, "அத்தை, வந்துடுங்க, அப்பா நேர்ல வருவாரு" என்றேன். அப்பாவோ நான் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டார். கல்யாண வேலையில் யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. கல்யாணத்தன்று காலையில்கூட அப்பா, "அக்கா துறையூர் பஸ்ல வந்துகிட்டு இருக்கும்" என்று எல்லோரிடமும் நம்பிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மண்டபம் ஸ்ரீரங்கத்தில். நல்ல முகூர்த்த நாள். மேளக்காரர்கள் வந்த வேன் காவிரிப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. முகூர்த்த நேரம் நெருங்குகிறது, நாதஸ்வரத்தைக் காணோம். கோதையின் பெரியப்பாவுக்கு வியர்த்துவிட்டது. "கெட்டிமேளம் இல்லாம எப்படிங்க? தாலி ஏர்ற நேரத்துல வேண்டாத வார்த்தை ஒண்ணு காதுல விழுந்துட்டா என்ன பண்றது?" என்றார்.

மண்டபத்தில் மைக் செட் இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் நீண்டது. அதன் நுனியில் ஹெட்போன் பின். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பளபளப்பான போனோடு ஓடி வந்தார்கள். ஒருவர் போனிலும் அந்த ஓட்டை இல்லை! புதுப் போன்களில் அதை எடுத்துவிட்டார்களாம்.

என் வாழ்நாளில் அப்படியொரு பெருமை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பட்டு வேட்டியில் செருகியிருந்த என் போனை எடுத்து, அக்கா வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். "இதுல ஓட்டை இருக்கு மாமா. நாதஸ்வரமும் இருக்கு." மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் போனை வைத்து, ஒயரைச் செருகினார்கள். மண்டபமே அதிர நாதஸ்வரம் ஒலித்தது. பெரியப்பா முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "மாப்ள கெட்டிக்காரர்தான்" என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

(சிம்மைக் கழற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்டுவிட்டார்கள். தோன்றவில்லை, விடுங்கள்.)

புரோகிதர் தாலியை எடுத்து என் கையில் கொடுத்தார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று விரலை ஆட்டினார். மாமா திரையின் நடுவில் தட்டினார். தவில் கொட்டி முழங்கியது. அட்சதைக் கைகள் உயர்ந்தன. நான் கோதையின் கழுத்தை நோக்கிக் குனிந்தேன்.

மேளம் நின்றது. போலீஸ் சைரன் அலறியது.

ஸ்பீக்கர் பெட்டிகள் நான்கு மூலையிலும் இருந்ததால் போலீஸ் எந்தப் பக்கம் வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கல்யாணத்தை நிறுத்த யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள் என்று பெண் வீட்டில் பாதிப் பேர் வாசலுக்கு ஓடினார்கள். கோதையின் அப்பா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். அடுத்து என்ன நடக்கும் என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒயர் மாட்டியிருக்கிறது. போன் அதை ஹெட்போன் என்று நினைக்கும். தன்னைத்தானே எடுத்துக்கொள்ளும்.

எடுத்துக்கொண்டது.

"ஏண்டா குமரா!"

தங்கப்பொண்ணு அத்தையின் குரல் மண்டபத்தை நிறைத்தது. அவர் போன் புதுசு அல்லவா, குரல் அட்சரம் பிசகாமல் கேட்டது.

"என்னைய போன்லதானடா கூப்பிட்டீங்க? அதான் போன்லயே வந்துட்டேன். கல்யாணம் நல்லா நடக்குதா?"

மாமா பாய்ந்துபோய்ச் சிவப்புப் பொத்தானைக் குத்தினார். குத்திக்கொண்டே இருந்தார். செத்த இடத்தில் குத்தி என்ன ஆகும்? நான் எழப் போனேன். "தாலியக் கைல வாங்கியாச்சு, எழுந்துக்கப்படாது!" என்று புரோகிதர் என் தோளை அமுக்கினார். அதற்குள் அத்தைக்குச் சூடு ஏறிவிட்டது.

"தட்டு வரும், தட்டு வரும்னு வாசலைப் பாத்துகிட்டே உக்காந்திருந்தேன்டா. உங்கப்பனுக்குப் பொண்ணு வீட்டைக் குறை சொல்றதுக்கு மட்டும் அக்கா வேணும். அவங்க வீட்டுக் கேசரியை வச்சு சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்னு எங்கிட்டதான சொன்னான்?"

நாங்கள் பெண் பார்க்கப் போனபோது கேசரி கிண்டியது கோதையின் அப்பா. தூக்கிய கைகளை அப்போதுதான் இறக்கினார். என் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா கூரையில் சுற்றிய மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மாமாவுக்கு ஒருவழியாக ஒயரைப் பிடுங்கும் யோசனை வந்தது. கையை நீட்டினார். அந்தக் கையைப் பெரியப்பா பிடித்துவிட்டார். "இருங்க. அந்தம்மா பேசட்டும். இன்னும் என்னென்ன இருக்குன்னு நாங்களும் தெரிஞ்சுக்கணும்ல?"

அத்தை முடித்து வைத்தார். "நான் வராம அந்தத் தாலி எப்படி ஏறுதுன்னு பாக்குறேன்!"

எந்த மாதிரி வார்த்தை காதில் விழக்கூடாது என்று கெட்டிமேளம் கொட்டுகிறோமோ, அந்த வார்த்தை அந்தக் கெட்டிமேளத்தின் வாயிலிருந்தே வந்துவிட்டது. பெரியப்பா முகம் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவங்க வாயால வாழ்த்தாம இந்தத் தாலி ஏறக் கூடாது. நேரம் போனாலும் பரவால்ல. வேற நாள் பாத்துக்கலாம்."

வேறு நாள் என்றால் வேறு மாப்பிள்ளை என்று அர்த்தம். அவர் கண்ணில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. கோதையைப் பிடித்துப்போய், மூன்று மாதம் தினமும் ஹெட்போன் மாட்டிப் பேசியவன் நான்.

அப்பா ஸ்டூலுக்குப் பக்கத்தில் குந்தி, "அக்கா, கோவிச்சுக்காத அக்கா..." என்று ஆரம்பித்தார். "நீ பேசாத!" என்று நான்கு மூலையிலிருந்தும் பதில் வந்தது. என்னைப் பேசச் சொல்லி எல்லோரும் பார்த்தார்கள். நெஞ்சில் எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது இதுதான்:

"அத்தை... சார்ஜ் போயிரும் அத்தை."

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எந்தப் போனை அணைக்கத் துடித்தார்களோ, அது இப்போது அணைந்துவிட்டால் கல்யாணம் போச்சு. "சார்ஜர்! சார்ஜர்!" என்று இரண்டு வீட்டாரும் கத்தினார்கள். பத்துப் பன்னிரண்டு சார்ஜர்கள் வந்தன. எல்லாம் புதுப் பின். என் போனுக்கு வேண்டிய பழைய பின் அந்த ஸ்ரீரங்கத்தில் ஒருவரிடமும் இல்லை. பெரியப்பாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடி, சமையல்காரர்களிடம் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

கோதை மாலையை ஒரு கையால் விலக்கி, மறு கையை நீட்டினாள். "போனை இங்க கொடுங்க மாமா."

மாமா ஒயரோடு கொண்டுவந்து கொடுத்தார்.

"அத்தை, நான் கோதை பேசறேன். உங்களை நேர்ல வந்து கூப்பிடாதது தப்புதான். அப்பாவும் பிள்ளையும் ஒருத்தர் போயிட்டாங்கன்னு ஒருத்தர் இருந்துட்டாங்க. நாளைக்கு முதல்ல உங்க வீட்டுக்குத்தான் வர்றோம். இப்ப இங்க மேளம் வரல அத்தை. இவரு தாலியைப் பிடிச்சுகிட்டு நடுங்கிட்டு இருக்காரு. நீங்க சொன்னாத்தான் கட்டுவாரு."

"மேளம் வரலையா?" அத்தையின் குரல் சட்டென்று மாறியது. "மேளம்கூட இல்லாமயா உன்னைய உக்காத்தி வச்சிருக்கானுவ? ஆமா, நான் பேசுறது வேற யாருக்கும் கேக்குதா கண்ணு?"

"மண்டபம் முழுக்கக் கேக்குது அத்தை. தொடக்கத்துலேர்ந்து."

"ஐயையோ! கேசரி?"

"அதுவும்தான்."

சத்தமே இல்லை. போன் அணைந்துவிட்டது என்று நினைத்தேன். என் அக்கா வாய்விட்டு அழத் தொடங்கினாள். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு அது வந்தது. முதலில் மெல்ல, பிறகு ஓங்கி. அத்தை குலவை போட்டார். உப்பிலியபுரத்தில் அம்மனுக்குப் பொங்கல் பொங்கும்போது போடுவாரே, அந்தக் குலவை. ஸ்பீக்கர் பெட்டிகள் கிழிந்துவிடும்போல் இருந்தது. "கட்டுடா குமரா!" என்று நடுவில் ஒரு அதட்டல், மறுபடியும் குலவை. நான் கட்டினேன். அவசரத்தில் முதல் முடிச்சு பின்னலோடு சேர்ந்து விழுந்தது. மிச்ச முடிச்சுகளை அக்கா அழுதுகொண்டே போட்டாள்.

கடைசி முடிச்சு முடியும் முன் குலவை அறுந்தது. கோதையின் கையிலிருந்த போன் கறுத்துவிட்டது. அப்போது எங்கள் பக்கத்துப் பெண்கள் விட்ட இடத்திலிருந்து குலவையை எடுத்தார்கள். அதுவரை வாழ்நாளில் குலவையே போட்டிராத ஸ்ரீரங்கத்து மாமிகளும், நாக்கு சுழலாமல் ஏதோ ஒரு சத்தத்தைச் சேர்த்தார்கள். பெரியப்பா அட்சதையை வாரி என் தலையில் கொட்டினார். எனக்குக் கண் தெரியவில்லை.

வாசலில் தவில் சத்தம் கேட்டது. மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

அந்தப் போன் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. பழுது பார்ப்பவரிடம் கொடுத்ததில், உள்ளே ரசம் காய்ந்திருப்பதாகச் சொன்னார். மாமனார் இன்றுவரை அப்பா எப்போது வந்தாலும் கேசரி கிண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணம் காலியாகும்வரை எழுந்திருப்பதில்லை. எங்கள் இரண்டு வீட்டிலும் எந்த விசேஷமானாலும், மேளம் கொட்டுவதற்கு முன் யாராவது ஒருவர், "குமரன் போனு எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். என் மகள் காதுகுத்தில் கேட்டது புரோகிதர்.

கல்யாணத்துக்கு மறுநாள் தட்டு, புடவையோடு உப்பிலியபுரம் போனோம். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்கும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், நேரில் போய்த்தான் அழைக்கிறோம். போன மாதமும் போனோம். வண்டியில் வந்த வெயிலில் கோதைக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. அத்தை தட்டை வாங்கி வைத்துவிட்டு, அவளுக்கு மோர் கொடுத்தார். துண்டைப் பிரித்து, இன்னும் தாள் உரிக்காத அந்தப் போனை எடுத்து முந்தானையால் துடைத்தார். என்னைப் பார்த்து அலுத்துக்கொண்டார்.

"எதுக்குடா இந்த வெயில்ல அந்தப் புள்ளைய அலைக்கழிக்கிற? ஒரு போன் போட்டாப் போதாதா?"