தேவசகாயம் அண்ணனுக்கு வாங்கிய மாலை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அடுத்தவர் வாயில் ஒரு சொல் பிசகினால் போதும், திருத்தாமல் விடமாட்டேன். (இப்போது இல்லையா என்று என் மனைவியிடம் கேட்டுவிடாதீர்கள்.) சங்ககிரிப் பக்கம் எங்கள் சின்னச் சபைக்கு முப்பது வயதுக்குள் செயலர் ஆகிவிட்டேன். பரலோகத்துக்கே நான்தான் வாசல்காரன் என்கிற நினைப்பு.

ஞாயிறுதோறும் வேதபாடம் வாசித்தவர் தேவசகாயம் அண்ணன். முப்பது வருடம் லாரி ஓட்டியவர், எழுபதைத் தொட்டிருந்தார். அவர் வாசித்தால் பின்வரிசையில் தூங்குகிறவர்கூட நிமிர்ந்து உட்காருவார். ஒரு நாள், பிதாவின் வீட்டில் எல்லோருக்கும் இடம் உண்டு என்று இயேசு சீடர்களைத் தேற்றும் பகுதி. அண்ணன் "பிதாவின் ஊட்டில்" என்று வாசித்தார். எங்கள் பக்கத்தில் வீடு என்றால் ஊடுதான். நான் முன்வரிசையில் இருந்தபடி, சபைக்கே கேட்கும்படி, "அண்ணா, ஊடு இல்லீங்க, வீடு" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். வேதாகமத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"அப்ப நீங்களே படிங்க சாமி."

அதன் பிறகு ஒன்றரை வருடம் அவர் வாசிக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் போய்விடுவார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்ற பகுதியை அதே ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை, சுத்தமான உச்சரிப்போடு, வாசித்தேன். வெட்கங்கெட்டவன்.

பிறகு அவர் இதயம் பலவீனப்பட்டுப் படுத்துவிட்டார். அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஒரு எட்டு போய்ப் பாருப்பா" என்று பாஸ்டர் மூன்று முறை சொன்னார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் மனசு கேட்காமல் போன் செய்தேன். எடுத்தவள் அவருடைய மருமகள் செல்வி. ஓமலூர்ப் பெண், கல்யாணத்துக்குப் பிறகுதான் சபைக்கு வரத் தொடங்கியவள்.

"மாமா நித்திரையடைஞ்சுட்டாருங்க" என்றாள்.

எங்கள் சபை அறிவிப்புகளில் யாரும் சாவதே இல்லை. கர்த்தருக்குள் நித்திரையடைவார்கள்.

"எப்பம்மா?"

"இப்பத்தானுங்க. காத்தாலருந்து அனத்திக்கிட்டே கெடந்தாரு. இப்பத்தான் நிம்மதியானாருங்க."

"நான் வாரேன்மா."

"வாங்க. சத்தம் மட்டும் போட வேண்டாமுங்க."

எப்பேர்ப்பட்ட விசுவாசம் என்று நெகிழ்ந்துபோனேன். பாஸ்டருக்குச் சொல்லி, சபையின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போட்டேன். (அந்த நிலையிலும் ஒற்றுப்பிழை பார்த்தேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.) வழியில் ஒரு சம்பங்கி மாலை வாங்கிக்கொண்டேன். பைக்கில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் அழுதேன். இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

அவர் வீட்டு வாசலில் ஆளில்லை. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. இழவு வீட்டில் குக்கரா என்று எனக்குத் தோன்றவே இல்லை. கட்டிலில் அண்ணன் தலை வரை போர்த்திக் கிடந்தார். மாலையைக் கால்மாட்டில் வைத்துவிட்டு, இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தன. இப்பத்தானே போனார் என்று அதற்கும் நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

"அண்ணா, நீங்க தப்பாப் படிச்சீங்கன்னு நான் திருத்தலீங்ணா. நீங்க படிச்சா சனங்க கண்ணத் தொடச்சுக்கறாங்க. நான் படிச்சா மணி பாக்கறாங்க. அந்தப் பொறாமைங்ணா. வேதத்தச் சாக்கு வெச்சு உங்கள அவமானப்படுத்திட்டேன்..."

மூக்கைத் துடைக்க நிறுத்தினேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க? சொல்லுங்க சாமி, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன்."

நான் போட்ட அலறலில் செல்வி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஐயோ, சத்தம் போட வேண்டாமுன்னு சொன்னனுங்களே! இப்பத்தானே கண்ணசந்தாரு!"

"நித்திரையடைஞ்சுட்டாருன்னு சொன்னியேம்மா!"

"படகுல போறப்ப இயேசு நித்திரையா இருந்தாருன்னு படிச்சனுங்க. தூங்கறாருன்னு சொன்னா நீங்க திருத்துவீங்களோன்னு பயந்து..."

அவள் கண் கலங்கிவிட்டது. லாசரு நித்திரையடைந்தான் என்று இயேசு சொன்னபோது, சீடர்கள் வெறும் தூக்கம் என்று நினைத்தார்கள். நான் அவர்களுக்கு நேர்த் தலைகீழ். ஆனால் அன்று என்னைச் சுட்டது அதுவல்ல. தன் மாமனார் தூங்குகிறார் என்பதைக்கூட என்னிடம் தன் சொல்லில் சொல்ல ஒரு பெண் பயந்திருக்கிறாள்.

அண்ணன் சிரித்துக்கொண்டே மாலையை எடுத்து மோந்து பார்த்தார். "நல்ல பூவுதான்" என்றார். அதற்குள் சபை வேன் வந்து நின்றது. பாடகர் குழு தலைகுனிந்தபடி இறங்கி அடக்கப் பாட்டை ஆரம்பித்தது.

"அவங்களுக்கும் டீ வெய்யி செல்வி. பாவம், வெயில்ல வந்திருக்கறாங்க."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லோணும். ஒத்தச் சொல்லுக்காக ஒண்ணர வருசம் மொறச்சுக்கிட்டு வேதத்தையே தொடாம இருந்துட்டேன். நீங்க வராட்டி நான் அப்படியே போயிருப்பேன் சாமி."

என் தலையில் கை வைத்து ஜெபித்தார். மூச்சு வாங்கியது, ஆனாலும் முடித்தார்.

அதன் பிறகு ஏழு வாரம் இருந்தார். ஞாயிறு மதியங்களில் கட்டிலருகே உட்காருவேன். அவர் வாசிப்பார், நான் வாயைத் திறக்காமல் கேட்பேன். நிஜமாகவே அவர் போன அன்று, அவரிடம் சொல்ல எனக்கு ஒன்றும் பாக்கி இல்லை. நிம்மதியாக அழ முடிந்தது.

போன மாதம் என் தம்பியோடு ஏதோ மனத்தாங்கலில் பேசாமல் இருந்தேன். மூன்று நாள் பொறுத்த மனைவி நாலாம் நாள் காபி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, இப்பவே போய்ப் பாத்துட்டு வாரீங்களா, இல்ல மாலைக்குச் சொல்லீரட்டுங்களா?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பைக் சாவியைத் தேடினேன்.