கொட்டாவி அண்ணாச்சியின் வயிறும் சர்க்கார் கடிகாரமும்

மேனேஜரே, கொட்டாவி அண்ணாச்சியின் வேலையைப் பறித்தது நீர்தான். உலகச் சண்டைமேல் பழி போடாதீர்.

சங்கரன்கோவில் தாலுகாவில் அவர் வயிற்றைப் போலச் சரியாக ஓடிய கடிகாரம் ஒன்றுகூடக் கிடையாது. நம் பருத்தி அரவை ஆலையில், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் மணி அடிப்பது அவர் வேலை. வயிறு இரைந்தால் பன்னிரண்டு. கொட்டாவி விட்டால் இரண்டு. இடையில் தும்மினால் அது வெறும் தும்மல். இரண்டு மணிக் கொட்டாவி எடை போடும் என்னைத் தொற்றி, உம் அறைவரை வரும். நீர் கோப்பால் வாயை மறைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சண்டைக்காலத்தில் சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. நீர் உத்தரவை வாசித்தீர். அண்ணாச்சி கேட்டார்:

"வயித்துக்கு கெஜட்ட வாசிச்சுக் காட்டுனா கேக்குமாய்யா?"

"வயிறாவது ஒண்ணாவது! நீரு நெழலப் பாத்துல்லாவே அடிக்கீரு!"

"அப்பம் இருட்டுல போட்டுப் பூட்டும். பாப்போம்."

"தப்புச்சுன்னா வேலை கெடையாது, ஆமா."

காலையில் ஜன்னலில்லாத பஞ்சுக் கிட்டங்கியில் அவரைப் பூட்டினீர். பன்னிரண்டுக்குக் கதவைத் தட்ட வேண்டும். எந்தப் பன்னிரண்டு என்று ஒருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் தட்டினார். பழைய நேரப்படி பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உம் கடிகாரத்தில் ஒன்று.

"ஒரு மணி நேரம் லேட்டுவே. வீட்டுக்குப் போம்."

தலையெல்லாம் பஞ்சோடு நின்றவர், "பசிக்கிய்யா, சாப்பிட்டுட்டுப் போறேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அந்தச் சிரிப்புக்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள்முதல் கடிகாரப்படி மணி. பசிக்காத நேரத்தில் சோறு, பசித்த நேரத்தில் பஞ்சுத் தூசி. ஆலை முழுக்க ஏப்பம், நெஞ்செரிச்சல், கம்பவுண்டரின் சோடா உப்பு. உமக்கும்தான் வயிறு உப்பியது. மறைக்காதீர்.

இப்போது அண்ணாச்சி கரிவலம்வந்தநல்லூரில் மச்சினன் தோட்டத்து மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். போன மாதம் பார்க்கப் போனேன். வரப்பிலேயே என் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் முன்னால் அதைக் கட்டிக்கொண்டு நிற்க மனசு வரவில்லை.

"வாரும்வே, மெலிஞ்சு போயிட்டீரே" என்றார்.

சண்டை முடிந்ததும் சர்க்கார் நேரத்தைப் பழையபடி திருப்பியது. நீரும் ஸ்டூல்மேல் ஏறி ஆலைக் கடிகாரத்தைத் திருப்பினீர். அந்த மனுஷனை மட்டும் ஏன் திருப்பிக் கூப்பிடவில்லை? இதே பத்திரிகையில், ஊரறியப் பதில் எழுதும்.