கடைவாய்ப் பல்லும் கலை மாலையும்

மாவட்டத்து மக்கள் அனைவருக்கும் ஒரே மாலையில் கலையும் பண்பாடும் இலவசமாகச் சென்றடைய வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. மக்கள் யாரும் கேட்கவில்லை என்பது ஒரு குறையாகக் கருதப்படவில்லை. சிக்கல் வேறு. போன வருஷம் ஊர் ஊராகப் பந்தல் போட்டும், நாற்காலிகள் மட்டுமே கடைசி வரை இருந்து பார்த்தன. இந்த வருஷம் பண்பாட்டுப் பரவலாக்க அலுவலர் ஆழ்ந்து யோசித்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். ஜனங்கள் கலைக்காக உட்கார மாட்டார்கள். வேறு எதற்காகவாவது என்றால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே அவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கலை போகும்.

அப்படித்தான் அது பால் வண்டி டிரைவர் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது.

டிரைவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. ஒரு வாரமாகத் தூக்கமில்லை, கஞ்சி குடித்தால்கூட உயிர் போய் உயிர் வந்தது. பல் டாக்டர் அந்த ஊருக்கு மாதம் ஒருமுறைதான் வருவார், இருட்டினால் பஸ் பிடித்துப் போய்விடுவார். இன்றைக்கு விட்டால் இன்னும் ஒரு மாதம் சாக வேண்டியதுதான். டிரைவரின் முறை வருகிற நேரம் பார்த்து, கறுப்பு உடை போட்ட இரண்டு பேர் வந்து டாக்டர் அறைக் கதவுக்கு முன்னால் படுத்தார்கள். பாவம், மயக்கம் போலிருக்கிறது என்று டிரைவர் எழுந்து இடம்கூடக் கொடுத்தார். அப்புறம்தான் அது நவீன நடனம் என்று தெரிந்தது. சுவரிலிருந்து தண்ணீர் டிரம் வரைக்கும் உருண்டு போவார்கள். அவசரப்படவே மாட்டார்கள். தலைநகரத்தில் இப்போது இதுதான் மோஸ்தர் என்றும், நின்று ஆடுகிறதெல்லாம் மலையேறிவிட்டது என்றும் கூடவே வந்திருந்த அலுவலர் விளக்கினார்.

டிரைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டப் பார்த்தார். அலுவலர் குறுக்கே வந்து நின்றார்.

"எங்க போறீங்க?"

"பல்லு பிடுங்க, சார்."

"பிடுங்கிட்டா எழுந்து வீட்டுக்குப் போயிடுவீங்க. அப்புறம் பார்வையாளருக்கு நான் எங்க போறது?"

"நான் இதைப் பார்க்க வரலியே, சார்."

"காசு குடுத்து வந்தவன் பாதியில எழுந்து போகலாம், அது அவன் காசு. இது இலவசம். இதுல எழுந்து போனா அரசாங்கத்தை அவமதிக்கிற மாதிரி."

டாக்டர் எட்டிப் பார்த்தார். மளமளவென்று பல் பிடுங்குவது பண்பாட்டுக்கு இடையூறு என்று அவருக்கும் தன்மையாகச் சொல்லப்பட்டது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிற மனுஷர், கதவைச் சாத்திக்கொண்டார். டிரைவருக்கு வயிறு எரிந்தது. வெட்கம் கெட்ட ஜென்மங்கள், மனுஷன் வலியில் சாகிறான், இவனுகளுக்கு உருளல் கேட்கிறது என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் முணுமுணுத்தார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் உருண்டவர்கள் ஒருவழியாகத் தண்ணீர் டிரம்மைத் தொட்டார்கள். அலுவலர் வீடியோ பிடிக்கச் செல்போனை எடுத்து, நிகழ்ச்சியைப் பற்றி நல்லவிதமாகக் கருத்துச் சொல்கிறவர்கள் முதலில் உள்ளே போகலாம் என்று அறிவித்தார்.

திட்டினவர்தான் முதல் ஆளாகப் போய் நின்றார். அருமை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்திருந்தார். அதற்குள் பின்னாலிருந்த தையல்காரர் ரொம்ப ரொம்ப அருமை என்று கத்திவிட்டார். அவருக்கும் பின்னால் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விட்டுக்கொடுக்க முடியுமா? வீங்கின வாயை ஒரு கையால் தாங்கிக்கொண்டு டிரைவர் சொன்னார்: "என் ஆயுசுல இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை, சார். பல் டாக்டர் வர்ற ஒவ்வொரு தடவையும் முதல்ல இதை நடத்தணும். ஜனங்க சார்பா கேட்டுக்கிறேன்."

கதவு திறந்தது. பல் போயிற்று. அந்த ஆளை நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்று மட்டும் மனைவியிடம் சொல்லிவிட்டு, டிரைவர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த மாதம் மனைவிக்குப் பல் வலி. இரண்டு பேரும் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கறுப்பு உடைக்காரர்கள் நாலு பேராக வந்தார்கள். மக்களின் பேராதரவை முன்னிட்டு, இந்த முறை டிரம் வரை உருண்டு போவதோடு திரும்பி வருவதும் உண்டு என்றார்கள். மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எந்தப் புண்ணியவான் சார் இதைக் கேட்டது?"

அலுவலர் பூரித்துப்போய் டிரைவரை எழுந்து நிற்கச் சொன்னார். இவருக்காகப் பலமாகக் கைதட்டுகிறவர்கள் முதலில் உள்ளே போகலாம் என்றார். பெஞ்சு முழுக்கத் தட்டியது. மனைவி கன்னத்திலிருந்த கையை எடுத்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தபடியே, எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள்.