பன்னிரண்டு பழைய பேக்கேஜ்கள்

பூவராகவனின் இடமாற்ற ஆணை கம்ப்யூட்டருக்குள் இருந்தது. வெளியே வர மறுத்தது.

மார்ச் மாதத்தின் கடைசி நாள். மறுநாள் முதல் இடமாற்றங்களுக்குத் தடை. டைரக்டர் மெஹ்ரா நாலு மணிக்கு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் ஒரு தாள் அச்சாகி அதில் அவர் கையெழுத்து விழுந்தால் சென்னை. இல்லாவிட்டால் டெல்லியில் அதே கோல் மார்க்கெட் அறை, அதே தனிச் சமையல். ஏற்கெனவே ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மகள் மதுமதி போனில் அவர் குரலைக் கேட்டதும், "அம்மா, டெல்லி அப்பா" என்று ரிசீவரைக் கைமாற்றிவிடுவாள்.

டைப்ரைட்டர்கள் எல்லாம் போன மாதம் ஏலத்தில் போய்விட்டன. அலுவலகம் இலவசமாகக் கிடைத்த லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறியிருந்தது. புதிதாக வந்த பிரின்டருக்கும் அதற்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டிய இன்ஜினியர் லீவில் இருந்தார்.

முனிர்காவில் தங்கி எம்.சி.ஏ. படிக்கும் மச்சினன் ஜெயசீலனுக்குப் போன் போட்டார். பிரின்டருக்கான பேக்கேஜ், அதாவது மென்பொருள் தொகுப்பு, லினக்ஸ் சிடியிலேயே இருக்கும், கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் ஏறிவிடும் என்றான் அவன்.

ஒரு வரி அடித்தார். இதற்கு வேறொரு பேக்கேஜ் தேவை என்றது திரை. அதை ஏற்றப் போனால் அதற்கு இரண்டு தேவைப்பட்டன. பூவராகவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நிதிப் பிரிவு சம்மதிக்காமல் எந்தக் கோப்பு நகர்ந்திருக்கிறது? ஒவ்வொன்றாக ஏற்றினார். கடைசியில், உள்ளே பழைய பதிப்பு ஒன்று இருக்கிறது, அது புதியதோடு ஒத்துப்போகாது என்றது.

பழையது. அந்த விஷயம் அவருக்குத் தெரியும். ஆவணப் பிரிவில் வேலை பார்ப்பவர். மூன்று வருடம் தாண்டிய காகிதத்தைக் கழித்துவிட வேண்டும்.

நீக்கச் சொன்னார். இதை நம்பி வேறு பல இருக்கின்றன என்று திரை ஆட்சேபித்தது. கழிக்கும்போது எல்லாப் பிரிவுகளும் இப்படித்தான் ஆட்சேபிக்கும். ஆட்சேபணையை மீறி நீக்கவும் வழி உண்டு என்று சிடியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. நீக்கினார். கையோடு கையாக, தேதி பார்த்து இன்னும் பதினொன்றையும் நீக்கினார்.

அதன்பின் ஆணையை அடித்த செயலி திறக்கவில்லை. அதைத் திரும்ப ஏற்றப் போனார். பேக்கேஜ்களை ஏற்றுகிற செயலியே ஓடவில்லை. மறுபடி மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாமா, எதை எடுத்தீங்க?" என்றான் ஜெயசீலன்.

"பன்னண்டு பேக்கேஜ்."

"எதுக்கு?"

"பழசா இருந்துச்சு."



"பழசா இருக்குன்னு வீட்டு அஸ்திவாரத்தைத் தோண்டுவீங்களா மாமா?"

"ஆர்டர் போயிடுச்சாடா?"

"ஆர்டர் உள்ளதான் இருக்கும். திறந்து காட்டத்தான் ஆள் இல்ல. சிடியைப் போட்டு மெஷினைக் கிளப்புங்க. நான் சொல்றதை மட்டும் அடிங்க. நீங்களா எதையும் எடுக்காதீங்க, அக்கா மேல ஆணை."

மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிப்போனது. ஜெயசீலன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். இவர் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். ஓர் இடைவெளி விட்டுப்போய் ஏழாவது பேக்கேஜிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சும்மா நின்று பார்த்தார்கள். மூன்றரைக்குப் பன்னிரண்டும் பழைய இடத்துக்கு வந்தன. பழையதோடு ஒத்துப்போகிற பிரின்டர் பேக்கேஜ் ஒன்றையும் ஜெயசீலன் ஏற்றவைத்தான். மூன்று ஐம்பதுக்குப் பிரின்டர் இருமியது. தாள் வந்தது.

மெஹ்ராவின் அறைக்கு ஓடினார். அவர் தாளைப் படித்தார், பேனாவைத் திறந்தார். பிறகு நிமிர்ந்து, காலையிலிருந்து செத்துக் கிடந்த மெஷினைப் பிழைக்க வைத்தது யார் என்று இந்தியில் கேட்டார்.

ஒன்பது வருடத்தில் எந்த அதிகாரியும் பூவராகவனிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. தான்தான் என்றார். தானே நீக்கி, தானே ஏற்றியதாகச் சொன்னார். ஜெயசீலன் பெயர் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

மெஹ்ரா பேனாவை மூடினார். தாளை இழுப்பறைக்குள் வைத்தார். எழுந்து பூவராகவனுக்குக் கை கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

மெஹ்ராவின் பி.ஏ. சுப்பு வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தார்.

"என்ன காரியம் பண்ணேள் பூவராகவன் ஜி, 'கம்ப்யூட்டர் தெரியாதவர், விடுவிக்கலாம்'னு நான் நோட் போட்டுத்தானே உங்க ஃபைலே நகர்ந்தது."